கரித்தூளும் என் பல்கூச்சமும்

எண்ணூரில் எங்கள் வாடகை வீட்டில் ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள், மூடினால் புழுக்கம். காயப்போட்ட துணியில் கரி, ஊறவைத்த அரிசியில்கூடக் கரி. அதனால் சூடான டீ பட்டு என் பல் சுளீரென்று கூசிய அன்றே குற்றவாளி யார் என்று முடிவு செய்துவிட்டேன். மூச்சிலும் சோற்றிலும் புகுந்து பல்லை அரிப்பது அந்தக் கறுப்புத் தூள்தான்.

அந்தக் கூச்சம் எனக்கு வசதியாகவும் இருந்தது. எம்.கே.பி. நகரில் அக்கா வீட்டுக்கு அருகே குடிபோகலாம் என்று எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. கன்டெய்னர் லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர், லோடு ஏற்றும் யார்டு இங்கே பக்கத்திலேயே இருக்கிறது என்று தட்டிக்கழிப்பார். டாக்டரே கரிதான் காரணம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வார், பார்த்துவிடலாம் என்றிருந்தேன்.

திருவொற்றியூரில் பல் டாக்டரிடம் போக நான் கிளம்பியபோது அவரும் சட்டையை மாட்டினார். காய்ச்சல் என்றால்கூட மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொள் என்று சொல்லும் மனிதர். அங்கே டாக்டரம்மா அவரைப் பார்த்துச் சிரித்ததும், கரியைக் குற்றம் சொல்லக் கூடாது என்று இவர் முன்னாலேயே வந்து பேசிவைத்துவிட்டுப் போயிருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

டாக்டரம்மா பல்லில் காற்றை ஊதினார். துள்ளினேன். சொத்தை எதுவும் இல்லை என்றார். ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து, மேஜைமேல் இருந்த பொம்மைப் பல்வரிசையில் தேய்த்துக் காட்டச் சொன்னார். தேய்த்தேன்.

"பாத்திரமா விளக்குறீங்க? ஈறு ஓரமெல்லாம் தேஞ்சு போயிருக்கு. அதான் கூசுது. ஏன் இவ்வளவு அழுத்தம்?"

"கரி போவணும்ல டாக்டர். மூணு வேளையும் தேய்க்கறேன்."

"கரி அரிக்கலம்மா. உங்க கைதான் அரிச்சிருக்கு."

என் வீட்டுக்காரர் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

மெத்தென்ற பிரஷ், பல்கூச்சத்துக்கென்றே விற்கும் பேஸ்ட், காலையும் ராத்திரியும் மட்டும், அதுவும் மெதுவாக. நுரையைத் துப்பியதும் கொப்புளிக்கக் கூடாது. எலுமிச்சை ஜூஸ் குடித்த கையோடு தேய்க்கக் கூடாது. இதில் எதையும் நான் நம்பவில்லை. பொய் என்று நிரூபிக்கவே ஒன்றுவிடாமல் செய்தேன். சில வாரங்களில் கூச்சம் அடங்கிவிட்டது. வலி போனதற்காக நான் வருத்தப்பட்டது அந்த ஒருமுறைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் வீட்டுக்காரர் கடற்கரைச் சாலையில் ஒரு கடையில் நிறுத்தி, ஐஸ் போட்ட ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். சோதிக்கிறார் என்று புரிந்தது.

"கூசுதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு வூடு மாத்தணும்?"

கூசுகிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அலுத்துப் போயிருந்தது.

"பல்லை வுடு. என்னால இங்க இருக்க முடியல. தொடைச்சித் தொடைச்சி வெறுத்துப் போச்சு."

அவர் கையிலிருந்த தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மட்டும் புடிச்சா இங்க கீறேன்? அங்கேர்ந்து நான் யார்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள என் லோடை வேற ஒருத்தன் எடுத்துகினு பூடுவான்."

இதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று அவர் முகத்தில் தேடினேன். எதுவும் இல்லை. அவரைச் சந்தேகப்பட்ட வரைக்கும் கோபித்துக்கொள்ள எனக்கு ஓர் ஆளாவது இருந்தார்.