அக்காவின் பெயருக்குக் கீழே

என் அக்கா மாகிரட் உயிரோடுதான் இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் திருகோணமலையில் இன்னும் சில பேர் என்னை வழியில் மறித்து அனுதாபம் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் நான்தான். ஆனாலும் நான் செய்தது முழுப் பிழை என்று இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அக்கா கன்னியாஸ்திரி. படித்தது தாதித் தொழில். இருபது வருடத்துக்கு மேலாக மொசாம்பிக் நாட்டின் வடக்குக் கரையில், ஒரு மீனவ ஊரின் சின்ன ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு பார்க்கிறார். நான் உப்புவெளியில் படகு எஞ்சின் திருத்துகிறவன். அவரைவிட எனக்குப் பதினொரு வயது குறைவு. எங்களுக்கு வேறு உடன்பிறப்பு இல்லை. எனக்குக் கலியாணமும் சரிவரவில்லை. யேசுரட்ணம் குடும்பம் என்றால் இப்போது அவரும் நானும் மட்டும்தான். அதில் ஒருவர் ஆபிரிக்காவில்.

அங்கே போன புதிதில் நடந்ததை அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த நாட்டில் போர்த்துக்கீச மொழி. முதல் நாள் யாரோ 'கதேரா' என்று கேட்க, இவர் யோசிக்காமலே கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். மேசைக்கு மேசா, ஜன்னலுக்கு ஜனேலா. எல்லாம் போர்த்துக்கீசர் எங்கள் ஊரில் விட்டுப்போன சொற்கள்.

"வீட்டுச் சாமான் பாதி எனக்குத் தெரிஞ்சிருந்தது றொஷான். ஆனா எங்க நோகுது எண்டு கேக்கத்தான் தெரியேல்லை. அதுக்கு ஒரு வருசம் போச்சு" என்பார்.

நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். இரவில் தங்குவது பட்டணத்து மடத்தில். பகலில் என் வீட்டுக்கு வந்து, குசினியில் என்னைத் தள்ளிவிட்டுச் சமைப்பார். பிறகு போய்விடுவார். அம்மா செத்தபோது அவரால் வர முடியவில்லை. அங்கே புயலடித்து, பாதை உடைந்து கிடந்ததாம். அம்மாவின் பெட்டிக்குப் பின்னால் நான் தனியாக நடந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வருடம் ஐப்பசியில் வந்தவர் நொண்டிக்கொண்டு வந்தார். முழங்கால் தேய்ந்துவிட்டது. வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது. சபைத் தலைவி நல்ல மனுஷி. "விருப்பமெண்டால் இஞ்சயே இருங்கோ, இல்லாட்டி திரும்பிப் போங்கோ, மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு முதல் முடிவைச் சொல்லுங்கோ" என்று விட்டுவிட்டார்.

அக்கா யோசிக்கிறேன் என்றார். நான் யோசிக்கவே இல்லை. அவர் இங்கேதான் இருக்க வேண்டும். எனக்குப் பயம், அதுதான் உண்மை. ஒருநாள் நான் எஞ்சினுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தால், இது என் தம்பி என்று சொல்லி ஓடிவர ஒரு ஆள் வேண்டும்.

வாயால் சொன்னால் அக்கா கேட்கமாட்டார். ஆகவே ஒரு வேலை செய்தேன். சேமக்காலையில் அப்பா, அம்மா இருவரின் கல்லறையும் சீமெந்து வெடித்துப் போய்க் கிடந்தது. அதற்குப் புதிதாகக் கறுப்புக் கல் போட ஸப்வானிடம் போனேன். குசினி மேடைக்குப் போடுகிற கல்லும் கல்லறைக் கல்லும் ஒரே மெசினில் வெட்டுகிற கிண்ணியா ஆள் அவன். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், அவற்றுக்குக் கீழே 'மகள் மாகிரட்' என்று வெட்டச் சொன்னேன்.

"அக்கா வந்திருக்கா எண்டுதானே அண்ணன் சொன்னீங்க?" என்றான் ஸப்வான்.

"ஓம். வந்திருக்கிறா. நீ வெட்டு. பிறந்த வருசத்தைப் போட்டிட்டு மற்றதை விடு."

தன் பெயர் வெட்டின கல் ஊரில் நிற்கும்போது யார்தான் விட்டுப் போவார்? என் மூளைக்கு அப்படித்தான் பட்டது.

கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் நாள் சகல ஆத்துமாக்களின் திருநாள். மாலைப் பூசை முடிந்ததும் எல்லாக் குடும்பமும் சேமக்காலையில் கூடும். மழைக்காலம் என்பதால் வெட்டிய சோடாப் போத்தலுக்குள் மெழுகுதிரியை நிறுத்தி வைத்திருப்போம். சுவாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து, கல்லில் உள்ள பெயரை வாசித்து, செபித்து, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார். காலம் காலமாக இப்படித்தான். இந்த வழக்கத்தை நான் அடியோடு மறந்துபோனேன்.

அக்காவைக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். குடையைப் பிடித்தபடி கல்லை வாசித்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுக்க, சுவாமியார் வந்துவிட்டார். புதிதாக மாற்றலாகி வந்த இளம் சுவாமியார். எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் அவருக்குத் தெரியாது. மழையில் கல்லுக்குக் கிட்டக் குனிந்து, உரத்த குரலில் வாசித்தார்.

"யேசுரட்ணம், பிலோமினா, மாகிரட் ஆகிய இந்த ஆத்துமாக்களுக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே."

சுற்றி நின்ற சனம் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்கா தெளிவாக "ஆமென்" என்றார். தீர்த்தம் அவருடைய மூக்குக் கண்ணாடியிலும் விழுந்தது. சுவாமியார் அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார். கொஞ்சம் தள்ளி நின்றவர்களின் கண்ணில் அக்கா படவில்லை, சுவாமியாரின் குரல் மட்டும்தான் கேட்டது. இந்த அனுதாபம் சொல்வது அங்கேதான் தொடங்கியது.

அக்கா குடை நடுங்க நடுங்கச் சிரித்தார். "மோட்டுப் பெடியா! நான் இஞ்ச செத்தாலும் இதுக்குள்ள வைக்கமாட்டினம். சிஸ்டர்மாருக்கு அந்தப் பக்கம் எல்லோ இடம். வா காட்டுறன்."

மடத்துக் கல்லறைகள் மதிலோரம் வரிசையாக இருக்கின்றன. கடைசியில் இருந்ததற்கு முன்னால் அக்கா நின்றார். சிஸ்டர் ஒடீல். பிரான்ஸ்காரி. எனக்கும் ஞாபகம் இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரே ஓடிவந்து மடத்து வளவுக்குள் இருந்தது. அம்மாவும் நானும் அதற்குள்தான். அக்கா அப்போது மடத்தில் சேர்ந்து கொஞ்சக் காலம்.

"இவவைக் கூட்டிக்கொண்டு போக ஒரு வாகனம் வந்தது, தெரியுமே?" என்றார் அக்கா. "சின்னப் பிள்ளையளுக்குக் கஞ்சி ஊத்திக்கொண்டு நிண்டவ. திரும்பிப் பாத்திட்டு, அகப்பையை வைக்காமலே நிண்டா. வாகனம் வெறுமையாப் போச்சு. அண்டைக்கு அவ ஏறிப் போயிருந்தா ஆரும் குறை சொல்லியிருக்கமாட்டம். ஆனா அவ நிண்டது எங்களுக்கு எவ்வளவு தெம்பு?"

அக்கா கல்லில் ஒட்டியிருந்த ஈர இலையைத் தட்டிவிட்டார்.

"இப்ப எங்கட ஆஸ்பத்திரி வளவும் அப்பிடித்தான் கிடக்கு தம்பி. வடக்கால சண்டை. மரமுந்திரிகை மரங்களுக்குக் கீழ சனம் படுக்குது. ஓடிவந்த பொம்பிளையளுக்குத்தான் நான் இப்ப பேறு பாக்கிறது. இந்த நேரம் பாத்து என்னை ஏத்திப்போக ஒரு வாகனம் வந்து நிக்குது. அந்த வாகனம் நீதான்."

"அப்ப எனக்கு ஏதும் நடந்தால்?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா என் கையைப் பிடித்தார். "வருவன் எண்டு பொய் சொல்ல ஏலாது. அம்மாவுக்கே வரேல்லை. அது எனக்குச் சாகும்வரை நோகும்."

நான் அழுதேன். ஐம்பது வயது ஆண்பிள்ளை, ஊர் முழுக்கக் கூடி நிற்கிற இடத்தில். மழை என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு சில நாள் நான் அக்காவுடன் கதைக்கவில்லை. அவர் வழக்கம்போல வந்து சமைத்தார். நான் வழக்கம்போலச் சாப்பிட்டேன். கோபத்துக்காகப் பட்டினி கிடக்கிற ஆள் நானில்லை. ஒருநாள் அவர் என் பட்டறைக்குள் வந்து, எண்ணெய்ப் பீப்பாவில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு படகு இருக்கு. முகத்துவாரத்துக்கு அங்கால இருந்து பிள்ளைத்தாச்சியளை ஏத்திக்கொண்டு வாறது. எஞ்சின் ஒவ்வொரு முறையும் நடுத்தண்ணியில நிக்குது. எனக்குப் பழக்கிவிடு."

ஊமை வேடம் போட்டுக்கொண்டு எஞ்சின் பழக்க முடியாது. நத்தார் வரையும் பழக்கினேன். பிளக் கழற்றித் துடைக்க, காபரேட்டரில் அடைபட்ட அழுக்கை ஊதி எடுக்க, இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு அறுந்தால் மாற்றிப் போட. கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். இரண்டு முறை விரலை நசித்துக்கொண்டார். ஆனால் விடவில்லை. பொங்கலுக்கு முன் அவர் கொழும்பு பஸ் ஏறியபோது, பெட்டிக்குள் உடுப்பைவிட நான் கட்டிக்கொடுத்த உதிரிப்பாகங்கள்தான் பாரம்.

பிறகு ஸப்வானிடம் போய், கல்லில் மூன்றாவது பெயரை அழிக்கச் சொன்னேன்.

"அழிக்க ஏலாது அண்ணன். தேய்ச்சா கல்லு பள்ளமாப் போயிரும். வேணுமெண்டா அந்த வெறும் இடத்தில என்னத்தையாவது வெட்டித் தாறன்."

பட்டறைக்குப் போய் யோசித்துவிட்டு, அடுத்த நாள் வந்து சொன்னேன். அவன் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டு வெட்டினான்.

இந்த வருடமும் கார்த்திகை வந்தது. மழையும் வந்தது. அதே சுவாமியார் அதே இடத்தில் குனிந்தார். "யேசுரட்ணம், பிலோமினா" என்று வாசித்தவர் சட்டென்று நிறுத்தினார். மூன்றாவது வரியை வாய்க்குள் படித்தார்.

'மகள் மாகிரட். மொசாம்பிக்கில் வேலையாக இருக்கிறார்.'

என்னை ஒருமுறை பார்த்தார். இரண்டு பெயரோடு செபத்தை முடித்துவிட்டு நடந்தார்.

என் கையில் இன்னொரு மெழுகுதிரி மிச்சம் இருந்தது. மதிலோரம் போய் சிஸ்டர் ஒடீலின் கல்லறையில் அதைக் கொளுத்தி, காற்றுப் படாமல் போத்தலால் மூடினேன். அவருக்கும் பிரான்சில் ஒரு தம்பி இருந்திருப்பான். கோபித்திருப்பான், கத்தியிருப்பான், அக்கா வருவா என்று பார்த்துப் பார்த்துக் கிழவனாகியிருப்பான். அவனால் இந்த இடத்துக்கு வர முடிந்திருக்காது.

அவனுக்குப் பதிலாக நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குப் பதிலாக ஒருநாள் மொசாம்பிக்கில் அக்காவின் கல்லறையில் ஒருவன் நிற்க வேண்டும்.