முதுகில் ஒரு நீலக் கை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஓகஸ்ட் ஞாயிறு, என் கணவர் லண்டன் செவன் கிங்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் ஒரு நீலக் கை இருந்தது. யாரோ பெயின்றில் தோய்த்து, ஐந்து விரலையும் விரித்து அழுத்திய கை. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அந்த விரல்கள் நீளம்.

"ஆற்றை கை இது?"

"நொட்டிங் ஹில் கார்னிவலுக்கெல்லே போனனான். அங்கை எல்லாரும் எல்லாருக்கும் பூசுவினம்."

கூட்டிப் போனவள் அவருடைய பேக்கரியில் ஒரே ஷிப்டில் வேலை செய்த திரினிடாட்காரி. நான் அவளைக் கண்டதில்லை. ஆனால் அவள் சொன்ன கதையெல்லாம் எங்கள் வீட்டுப் புட்டோடு சேர்ந்து வந்தது. அந்தக் காலத்தில் அவளுடைய தீவில் கரும்புத் தோட்டத்துத் துரைமார் கார்னிவலுக்கு முகமூடி போட்டு ஆடினார்களாம். அடிமைகள் வெளியே நின்றார்களாம். விடுதலை கிடைத்ததும் அவர்கள் தெருவில் இறங்கி, துரைமாரைப் போல வேஷம் கட்டிப் பழித்துக் காட்டினார்களாம். விடியமுன் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டும் ஆடினார்களாம். லண்டனில் சேற்றுக்குப் பதில் பெயின்ற்.

"சேறும் ஒரு முகமூடிதான். பூசினால் முதலாளி ஆர், கூலி ஆர் எண்டு தெரியாது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என்னோடு அவர் இவ்வளவு பேசியதில்லை.

"பெண்சாதி ஆர் எண்டாவது தெரியுமோ?"

"உமக்கு விசர்."

சட்டையை நான் தோய்க்கவில்லை. அலுமாரியில் வைத்து, அவளை நினைத்துப் பொச்செரிப்பு வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அடிக்கடி வந்தது.

அடுத்த ஓகஸ்ட்டில் "நானும் வாறன்" என்று கிளம்பினேன். திரினிடாட்காரி ஸ்டேஷன் வாசலில் நின்றாள். அழகிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். என்னைக் கட்டிப்பிடித்து, கையில் ஒரு சின்ன வாளி நீலப் பெயின்றைத் தந்தாள். நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். அவர் முதுகு முழுக்க என் கைதான். வேறு ஒருத்திக்கு அதில் இடம் இருக்கக் கூடாது.

பாட்டு லொறி வந்தது. கொஞ்ச நேரத்தில் தெருவே நீலம். கூட்டத்தில் அவரைத் தவறவிட்டுத் தேடினேன். அதே சரிந்த தோள், அதே வழுக்கை. இரண்டு கையையும் தோய்த்து, ஆசைதீர அழுத்தினேன்.

திரும்பியவன் வேறு யாரோ. பல் முழுக்கத் தெரியச் சிரித்தான். பிறகு அவர்கள் வழக்கப்படி, தன் நீலக் கையை என் கன்னத்தில் வைத்தான். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் பக்கத்தில் என் கணவரைக் கண்டேன். உடம்பெல்லாம் நீலம், கண் மட்டும் தெரிந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு வருடமாக அலுமாரிக் கண்ணாடியில் நான் பார்த்த பார்வை.

"ஆர் அவன்?"

"இங்கை எல்லாரும் எல்லாருக்கும் பூசுவினம்" என்றேன்.

வீடு வரும்வரை ரயிலில் அவர் என் கன்னத்தில் இருந்த நீலக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு நன்றாகப் பசித்தது.