பொலோஞ்ஞாச் சுவரில் நமுனுகுல மலை

இந்த ஊரில் எங்கே தெருவைத் தோண்டினாலும் நாலு கிழவர்கள் வந்து நின்றுவிடுவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, குழிக்குள் வேலை செய்கிறவனைக் குற்றம் சொல்வார்கள். குழாய் கோணல், சிமெந்தில் தண்ணீர் அதிகம், எங்கள் காலத்தில் இப்படியா செய்தோம் என்று ஓயாத முணுமுணுப்பு. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இலங்கையின் நமுனுகுல தேயிலைத் தோட்டத்திலிருந்து இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்தில் வந்து இறங்கிய எனக்கு அவர்கள் யாரென்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. கங்காணிகள், ஆட்களை மேய்க்கிற மேற்பார்வைக்காரர்கள். தோட்டத்தில் பிறந்தவன் கண்ணுக்கு வேறு எப்படித் தெரியும்? வேலை தேடிப் போகும் வழியில் தினமும் தொப்பியைக் கழற்றி அவர்களுக்கு வணக்கம் வைத்தேன். ஒரு மாதம் கழித்து, அவர்களில் உயரமானவரிடம் போய், அரைகுறை இத்தாலிய மொழியில், உங்கள் வேலைக்கு ஆள் எடுப்பீர்களா என்று கேட்டும்விட்டேன். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "பென்சியோனே" என்றார். அவர் பெயர் ஜினோ. முப்பது வருடம் நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரைத்தான் நான் ஒரு மாதமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எனக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்தது. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் ஓய்வைப் பற்றித்தான் பேச்சு. ஒருவனுக்குக் கடற்கரையில் சின்ன வீடு வேண்டும், ஒருத்திக்குக் காய்கறித் தோட்டம் வேண்டும். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துப் பதுளையில், கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒரு வீடு வேண்டும். என்னைக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். உருளைக்கிழங்கு வேகும்போது ஜன்னல் கண்ணாடியில் ஆவி படியும். அதில் விரலால் நமுனுகுல மலையின் முகடுகளை ஒவ்வொன்றாக இழுப்பேன். யாராவது வந்தால் துடைத்துவிடுவேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு சுவர். வெறும் சுவர், பெரிய சுவர். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

வெட்கத்துக்குக் காரணம் இருக்கிறது. இருபது வயதில், எங்கள் தோட்டத்துக் கோயிலின் நத்தார் நாடகத்துக்கு, கிறிஸ்து பிறந்த கதைக்கு, நான் திரை வரைந்தேன். கோதுமை மாவுத் துணிப்பைகளைப் பிரித்துத் தைத்த திரை. துணிக்குப் போடுகிற நீலம், நாங்கள் குடியிருந்த லயத்துச் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு, அடுப்புக்கரி, இவ்வளவுதான் சாயம். பெத்லகேமை நான் எங்கே கண்டேன்? தெரிந்த மலையை வரைந்தேன். மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் நமுனுகுல எழுந்து நின்றது. அந்த வேலையில் இரண்டு நாள் காலைப் பெரட்டுக்குப் போகவில்லை. பெரட்டு என்றால் விடியலில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடம். அங்கே கங்காணி பேர் போட்டால்தான் அன்றைக்கு நீ வேலை செய்ததாகக் கணக்கு. மூன்றாம் நாள் போனபோது, அத்தனை பேர் முன்னாலும் கங்காணி கேட்டார்: "ஏம்ப்பா, படம் வரையிறவனுக்கு யாரு பேரு போடுவா? போ, போயி கவ்வாத்துக் கத்திய எடு." தேயிலை வெட்டும் கத்தியைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் சுடுகிறது. நாடகம் முடிந்ததும் திரையைத் துவைத்துத் தலையணை உறை தைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நாற்பத்தேழு வருடம் நான் தூரிகையைத் தொடவில்லை.

இந்த வருடம் எனக்கு அறுபத்தேழு முடிந்து ஓய்வு வந்தது. தொண்ணூறு வயது ஜினோ தடியை ஊன்றிக்கொண்டு வந்து, தடுப்பு ஓரத்தில் எங்கள் பக்கத்தில் உனக்கு இடம் வைத்திருக்கிறோம், வா என்றார். அன்போடுதான் அழைத்தார். ஆனால், ஆயுள் முழுக்கக் கங்காணிக்குப் பயந்தவன் கடைசிக் காலத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதா? ஸ்டெல்லா ஊருக்குப் போகும் பேச்சை எடுத்தாள். ஒரு சுவர் வரைந்துவிட்டுப் பேசுவோம் என்று முதல்முறையாக வாய்திறந்து சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

எங்கள் பங்குக் கோயில் முற்றத்தில் நீளமான சுவர் ஒன்று காரை பெயர்ந்து கிடந்து, அப்போதுதான் பூசப்பட்டிருந்தது. பங்குக் குருவான சாமியாரிடம் போய், நான் அதற்குச் சாயம் பூசித் தருகிறேன் என்றேன். அவர் என் சமையற்காரக் கைகளைப் பார்த்தார், மிகவும் நன்றி என்றார், இரண்டு வாளி வெள்ளைச் சாயம் கொடுத்தார். சுவருக்கு வெள்ளையடிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்குப் புரிந்தது. திருத்தவில்லை. தப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மலைக்கு மூடுபனி போட வெள்ளை வேண்டாமா?

மற்றச் சாயங்களை நானே வாங்கினேன். காலை ஆறு மணிக்குச் சுவர் முன்னால் நின்று, என் பெயரை நானே கூப்பிட்டு, நானே "வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன். எட்டு மணிக்கெல்லாம் கிழவர்கள் வந்துவிட்டார்கள், கை பின்னால். மூன்றாம் நாள் சாமியாரும் வந்து நின்றார். வெள்ளைச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தேயிலைச் சரிவும் லயமும் யூக்கலிப்டஸ் மரமும். ஏணியை விட்டு இறங்கி, பெரட்டுக்களத்தில் நிற்பதுபோல் தொப்பியைக் கழற்றி நின்றேன். இது என்ன என்று கேட்டார். என் ஊர் என்றேன். அதற்கு மேல் இத்தாலிய மொழி வாயில் வரவில்லை. பின்னாலிருந்து ஜினோதான் பேசினார்: "சாமி, பாதியில் நிறுத்தினால் இதைவிட அசிங்கம். மனிதன் முடிக்கட்டும்." சாமியார் போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்து, ஏணிக்கடியில் ஒரு வாளி நீலத்தை வைத்துவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டேன். எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. அந்த வாளியைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதேன். சுவரின் மூலையில் அன்றைக்குக் கரியால் ஒரு கோடு போட்டேன், பேர் போட்ட கணக்கில் ஒரு முழுநாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் போடுகிறேன். ஏம்ப்பா கங்காணி, படம் வரையிறவனுக்கு அவனேதான் பேரு போட்டுக்குவான்.

நேற்று மலைப்பாதையில் ஒரு சிவப்பு பஸ் வரைந்தேன். பாதை மேலே தேயிலைக்குள் போகிறது. கீழே இந்தப் பொலோஞ்ஞாவின் தெருவோர வளைவு மண்டபங்களுக்குள் வந்து முடிகிறது. சக்கரத்தைப் பார்த்த ஜினோவுக்குப் பொறுக்கவில்லை. இப்படிச் சக்கரம் வைத்தால் முதல் திருப்பத்திலேயே பள்ளத்தில் கிடக்கும் என்றார். பிறகு, நான் இத்தனை வருடத்தில் காணாத ஒன்று நடந்தது. பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து என் முன்னால் நீட்டினார். தூரிகையைக் கொடுத்தேன். இரண்டு சக்கரத்தையும் அவரே திருத்தி வைத்தார்.

சாயங்காலம் தேத்தண்ணி கொண்டுவந்த ஸ்டெல்லா அந்த பஸ்ஸை வெகுநேரம் பார்த்தாள். சாரதியை நான் இன்னும் பஸ்ஸின் எந்த முனையிலும் உட்கார வைக்கவில்லை.

"என்னங்க, இது ஊருக்குப் போகுதா, ஊர்ல இருந்து வருதா?"

"காலையில சொல்றேன்" என்றேன். ஆறு மணிக்குப் பெரட்டு இருக்கிறது.