ரெண்டு சாண் உயரம்

நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையை இடித்துக் கட்டியது நான்தான். கரணை பிடித்தது கொத்தனார். அது வேறு விஷயம். எங்கே சுவர், எங்கே கதவு, எந்தப் பக்கம் சன்னல், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் மனசுக்குள் கட்டி முடித்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டேன். அப்போது நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தே எத்தனை பிள்ளைகளுக்குக் காணும் என்று சொல்லிவிடுவேன். சொன்னது தப்பியதில்லை. அதனால் என் கை அளவின் மேல் எனக்கு அசாத்திய நம்பிக்கை. வம்பும் அந்தக் கையால்தான் வந்தது.

இடிப்பதற்கு முன்னால் அதைக் குளியலறை என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். தோட்டத்துப் பக்கம், வேப்பமரத்தை ஒட்டி, மார்பு உயரத்துக்கு நாலு பக்கமும் செங்கல் சுவர். நிற்க ஒரு கல். மேலே வானம். கதவுக்குப் பதிலாகச் சாக்குப் படுதா. பெண்கள் உட்கார்ந்து குளிப்போம், என் வீட்டுக்காரர் நின்று குளிப்பார். வடக்கே கல்வராயன் மலை தெரியும். தலை நிறைய சோப்பு நுரையோடு மலையைப் பார்த்துக்கொண்டு, "மலையில மழ எறங்கிக்கினு இருக்குது. கொடியில துணி இருந்தா எடு" என்று கத்துவார். பாதி நாள் மழை வராது. எடுத்த துணியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடியில் போடுவேன். கக்கூஸ் என்று தனியாக எதுவும் இல்லை. எங்கள் தெருவுக்கே ஏரிக்கரைதான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், உழவுக்குப் போன டிராக்டர் வாய்க்கால் ஓரம் சாய்ந்து, ஓட்டிப்போன அவர் அடியில் மாட்டிக்கொண்டார். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. அவருக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. ஆறடி ஆள். நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி முதுகில் போடுகிறவர். படுக்கையிலேயே மலஜலத்துக்குத் தட்டு வைத்து எடுக்கும்போதெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். பத்துப் பதினைந்து நாள் கழித்து டாக்டர் வந்து, "எலும்பு கூடிடும். ஊன்றுகோல் வெச்சு நடக்கலாம். ஆனா இனிமே குந்தி உக்காரக் கூடாது" என்றார். அன்று சாயங்காலம் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"குந்தக் கூடாதுன்னா ஏரிக்கரைக்கு எப்டி போறது? வூட்லயும் தட்டு வெச்சுத் தூக்கிக்கினு போவியா? அப்டின்னா நான் வரல. இங்கியே கெடக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த ஆளை எனக்குத் தெரியும்.

"நீங்க வர்றதுக்குள்ள வூட்ல எல்லாம் ரெடியா இருக்கும். நீங்களே போய், நீங்களே வருவீங்க" என்றேன். வாயை விட்டாகிவிட்டது, இனிச் செய்து காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இருக்கும் பக்கம் ஒரு நாற்காலிக் கக்கூஸ் இருந்தது. பெருக்குகிற அம்மாவைக் கெஞ்சி உள்ளே போனேன். கையில் டேப் இல்லை. கை இருந்தது. கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து வைத்து அளந்தேன். தரையிலிருந்து உட்காரும் இடம் சரியாக ரெண்டு சாண். அதற்கும் பக்கச் சுவருக்கும் நடுவே ஒன்றரைச் சாண்; அந்தச் சுவரில் கைப்பிடி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் சத்துணவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். நாற்காலிக் கக்கூஸை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்த அன்றே அதை அளந்தும் கொண்டுவந்த ஆள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

கொழுந்தனாரைத் துணைக்கு வைத்துவிட்டு ஊருக்கு வந்தேன். பழைய சுவரில் மூன்று பக்கத்தை அப்படியே உயர்த்துவது, நாலாவதை இடித்துப் பின்வாசலோடு சேர்த்துவிடுவது, நடுவில் ஒரு படிகூட இல்லாமல் தரையைச் சமமாகக் கொண்டுபோவது, மேலே ஓடு, வடக்குச் சுவரில் சன்னல். இதுதான் திட்டம்.

"கக்கூஸுக்கு எதுக்குக்கா இம்மாம் பெரிய சன்னல்?" என்றார் கொத்தனார்.

"அவரு மலையப் பாக்கணும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பக்கத்து வீடுகளில்தான் ஓயாத பேச்சு. சோறாக்குகிற வீட்டோடு சேர்த்துக் கக்கூஸ் கட்டுகிறாளாம் என்று மூக்கில் விரல் வைத்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பள்ளிக்கூடத்தில் அண்டா அண்டாவாக உலை வைக்கிற எனக்கு அது தெரியாதா.

கதவு செய்த ஆசாரியிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன். உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம். உள்ளே தவறி விழுந்தால் உடனே போய்த் தூக்க வேண்டும், தாழ்ப்பாள் போட விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

நாற்காலிப் பீங்கான் கள்ளக்குறிச்சிக் கடையில் இல்லை. விழுப்புரத்திலிருந்து லாரியில் வரும் என்றார்கள். குழி தோண்டி, சிமென்ட் உறை இறக்கி, சுவர் எழும்பி, ஓடும் போட்டு, பீங்கான் ஒன்றுதான் பாக்கி என்று இருந்தபோது இடஒதுக்கீட்டுக்கான சாலை மறியல் தொடங்கிவிட்டது. எந்த ரோட்டைப் பார்த்தாலும் மரம் குறுக்கே கிடந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. சின்னசேலம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தவர்களில் என் கூடப்பிறந்த தம்பியும் ஒருத்தன். முழங்கை வரைக்கும் சிராய்ப்போடு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான்.

"உன் மரத்தால என் கக்கூஸ் விழுப்புரத்துல நிக்குதுடா" என்றேன்.

"யக்கா, படிக்கப் போனா சீட்டு இல்ல, படிச்சிட்டு வந்தா வேல இல்ல. ரோட்ட மறிச்சாதான் எவனாவது திரும்பிப் பாக்கறான். ஒரு வாரம் பொறுத்துக்கோ."

அவன் சொன்னதில் தப்பில்லை. படிப்பை முடித்துவிட்டு வருஷக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவன். நியாயம் அவன் பக்கம் இருந்தது, அவசரம் என் பக்கம் இருந்தது. சோறு போட்டேன். ரசத்தில் மட்டும் உப்பைக் குறைத்துவிட்டேன்.

அதற்குள் கொழுந்தனார் தபால் ஆபீஸ் போனில் கூப்பிட்டார். அண்ணனை வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டார்களாம், ரோடு திறந்தால் அன்றைக்கே வேன் எடுத்துக் கிளம்பிவிடுவார்களாம். ரோடு திறந்த பிறகு பீங்கான் வந்து, அதைப் பதித்து, பூச்சு காய்ந்து முடிகிற வரைக்கும் அவர் என்ன செய்வார்? திரும்பவும் தட்டா?

கொத்தனார்தான் வழி சொன்னார். "குந்தற பீங்கான் ஒண்ணு என் வூட்ல சும்மா கெடக்குதுக்கா. அத அடியில பதிச்சு, ரெண்டு பக்கமும் செங்கல் கட்டு எழுப்பி, மேல ஓட்ட போட்ட கடப்பாக் கல்லப் படுக்க வெச்சா நாற்காலிதான? எவ்ளோ ஒசரம் வேணும் சொல்லுங்க."

"ரெண்டு சாண்."

"அடிக்கணக்குல சொல்லுங்கக்கா. டேப்பு இருக்குது."

"எனக்கு அடியும் வேணாம், அங்குலமும் வேணாம். நான் அளந்துக்கினு வந்தது சாண். சாண் கணக்குலயே கட்டுங்க. ஒரு விரக்கடகூட ஜாஸ்தி கம்மி ஆவக் கூடாது."

அதிகாரமாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். லாரி வராததால் பருப்பு தட்டுப்பாடு. இருந்ததை வைத்துச் சாம்பாரை நீட்டி, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, சாயங்காலம் வந்து பார்த்தேன். கல் என் தொடையைத் தொட்டது. ஏறி உட்கார்ந்தால் கால் ரெண்டும் தொங்குகிறது. கையை விரித்து அளந்தேன். ரெண்டரைச் சாண்.

"இன்னா இப்டிக் கட்டி வெச்சிருக்கீங்க? ரெண்டு சாண்தான சொன்னேன்?"

"ரெண்டு சாண்தான்கா." அவர் தன் கையை விரித்து வைத்துக் காட்டினார். சரியாக ரெண்டு. அவர் கை தோசைக்கல் அகலம். "விரக்கடகூட ஜாஸ்தி இல்ல, நீங்களே பாத்துக்கோங்க."

"நான் சொன்னது என் சாணு."

"எண்சாண் ஒடம்புன்றாங்களே, அது அவுங்கவுங்க கையிலதான? ஒங்களுக்கு ஒங்க கையில எட்டு, எனக்கு என் கையில எட்டு. இதுல உக்காரப் போறது யாரு? அவரு கையில அளந்தீங்களா?"

இடித்துக் கட்டலாம் என்றால் சிமென்ட் இல்லை. கடையில் வாங்கி வைத்திருந்த கடைசி அரை மூட்டையும் அதில்தான் போயிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை ஜம்பமாகச் சொல்லிவிட்டு, ஏறவும் இறங்கவும் முடியாத ஒரு மேடையையா அவருக்குக் கட்டி வைத்திருக்கிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

ரோடு திறந்தது. வேன் வந்தது. அவர் இளைத்துப் போயிருந்தார். ஊன்றுகோலை ஊன்றி, கூடத்தைத் தாண்டி, சாமி படத்தைக்கூடப் பார்க்காமல் நேராகப் பின்வாசலுக்குப் போனார். பூச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் ஒதுங்கி நின்றார். இவர் கைப்பிடியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். பாதம் ரெண்டும் தரையில் நன்றாகப் பதிந்தன. அப்புறம் எழுந்தார். நான் கையை நீட்டினேன், அவர் அதைப் பிடிக்கவில்லை. கைப்பிடியில் ஒரு அழுத்து, எழுந்து நின்றுவிட்டார்.

"ஆஸ்பத்திரியில இதுமேரி ஒண்ணுல உக்கார வெச்சாங்க. பள்ளமா இருந்துச்சு. தூக்கி உடறதுக்கு ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சு. ஒசரம் ஜாஸ்தியா இருக்கணும்னு ஒனக்கு எப்டி தெரிஞ்சுது?"

"நான் அளக்காம எதனா செய்வனா?" என்றேன்.

கொத்தனார் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவருக்கு மட்டும் ரெண்டு தடவை காபி கொடுத்தேன்.

கொத்தனார் போனதும் இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்பக்கம் பலகையில் கை தடவுகிற சத்தம் கேட்டது. கதவு திரும்பவும் திறந்தது.

"தாழ்ப்பா எங்க?"

"டாக்டரு வேணாம்னாரு. விழுந்து கிழுந்து வெச்சீங்கன்னா நான் உள்ள வர வேணாமா?"

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு மாசமா நர்சு பாத்தாங்க, டாக்டருக்குப் படிக்கற பசங்க பாத்தாங்க, என் தம்பி பாத்தான், நீ பாத்த. போதும்."

எனக்குச் சுருக்கென்றது. கல் உயரமாகிப் போனபோது வராத வெட்கம் அப்போது வந்தது. படியை எடுத்தது, கைப்பிடி வைத்தது, சன்னல் வைத்தது எல்லாம் அவருக்காகத்தான். கதவை மட்டும் என் பயத்துக்காக வைத்திருந்தேன்.

மாட்டுக் கொட்டகைக் கதவில் இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி, சுத்தியலோடு வந்தேன். "எங்க அடிக்கணும், சொல்லுங்க" என்றேன். அவர் கல்லில் உட்கார்ந்து, கையை நீட்டி, எட்டுகிற இடத்தில் கதவின் மேல் கையை விரித்து வைத்தார். அவர் விரல் நுனியில் கரியால் கோடு போட்டு அடித்தேன். கோணலாகத்தான் அமைந்தது. இன்றைக்கும் கோணல்தான்.

வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அங்கியே நிக்கற இல்ல? போ."

சமையலறை வரைக்கும் போனேன். அடுப்புப் பற்ற வைக்கக் குனிந்தபோது, ஆடி மாதத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட வராத அழுகை மொத்தமாக வந்தது. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சன்னல் வழியாகத் தெருவுக்கே கேட்கிற மாதிரி அவர் குரல் வந்தது.

"மலையில மழ எறங்கிக்கினு இருக்குது. கொடியில துணி இருந்தா எடு."

ஓடிப்போய் எடுத்தேன். அன்றைக்கும் மழை வரவில்லை.