கடைசிப் பக்கத்தில் நான் சேர்த்த வரி

எங்கள் செய்திமடல் நாலு பக்கம். முதல் பக்கம் ஹிந்தி, உள்ளே மராட்டியும் ஆங்கிலமும், பின்பக்கம் தமிழ். அந்தப் பின்பக்கம் என் பொறுப்பு.

ஓய்வு பெறும்வரை ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கடிதப் பிரிவில் இருந்தேன். பிறந்தது மாட்டுங்கா, கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர். எல்லையில் பதற்றம் என்று தொலைக்காட்சிகள் கத்தத் தொடங்கிய சமயத்தில், என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி மாஹிமில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அழைத்துப்போனாள். தமிழ் எழுதத் தெரியும் என்று வாய் தவறிச் சொன்னேன். பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போர் வேண்டாம் என்று சொல்லச் சேர்ந்த கூட்டமைப்பு அது. மூடிப்போன மில்களின் பழைய தொழிற்சங்கக்காரர்கள், மாஹிம் மாதாகோயில் குழு ஒன்று, கோவண்டியிலிருந்து ஒரு பெண்கள் அமைப்பு, சில கல்லூரி மாணவர்கள், தாராவியின் மகளிர் குழு. இவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட வாக்கியம் ‘போர் வேண்டாம்’ என்பது மட்டுமே. அடுத்த வாக்கியத்திலிருந்தே தகராறு. ‘தாக்குதல்’ என்று போடுவதா ‘பதிலடி’ என்று போடுவதா என்று ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடியிருக்கிறார்கள். அதனால் ஒரு விதி வைத்திருந்தோம்: ஒரு குழு எழுதியதை வேறொரு குழுவில் ஒருவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகும்.

தமிழ்ப் பக்கத்துக்கு மட்டும் அந்த விதி செல்லவில்லை. தாராவிக் குழுவில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. ஆனால் பெரியவர்கள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள், அவர்கள் பிள்ளைகள் ஹிந்தியில் படித்தவர்கள். நான் எழுதியதை நானே படித்து, நானே சரி என்று சொல்லிக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தாராவிக் குழுவில் ஒரு பெண்மணியின் மகன் பட்டாளத்தில் இருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கணவர் இறந்து வெகுநாளாகிறது. பை தைக்கும் பட்டறையிலிருந்து சரக்கு வாங்கிவந்து வீட்டில் வைத்து நூல் பிசிறு வெட்டிக்கொடுப்பார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், என்னை அக்கா என்பார். அவர் பேச்சை அப்படியே பக்கத்தில் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் சீருடையோடு மகனின் புகைப்படம் மாட்டியிருந்தது. கத்தரியைக் கீழே வைக்காமலே பேசினார்.

“டி.வி.யில அடி, அடின்னு சொல்லுதாம்லா, அவன் வீட்டுல ஒருத்தனாவது பட்டாளத்துல இருக்கானா? அவன் அடிக்கச் சொல்லுத எடத்துல எம்மவன்லா நிக்கான் அக்கா.”

எழுதிக்கொண்டதை வாசித்துக் காட்டினேன். பெயர் வேண்டாம், மற்றபடி சரியாக இருக்கிறது என்றார். அவருடைய மாடி அறையிலிருந்து இரும்பு ஏணியில் நான் இறங்கும்போது வாசலில் குனிந்து நின்று, “லீவு ரத்தாம். அவன் இருக்க செட்டு முழுசையும் வேற ஊருக்குக் கொண்டுபோறாவளாம். நேத்து போன்ல சொன்னான்” என்று ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அவர் சொன்னது ஒரு தாயின் கவலை. அந்த ஊரின் பெயரை இப்போதும் நான் எழுதமாட்டேன்.

வீட்டுக்கு வந்து பக்கத்தைத் தட்டச்சு செய்தேன். கடைசிப் பத்தியில் இரண்டு வரி இடம் மிஞ்சியது. அங்கே அதைச் சேர்த்தேன். லீவு ரத்து, படைப்பிரிவு, ஊரின் பெயர், எல்லாம். கட்டுரைக்கு ஓர் உயிர் வந்ததுபோல இருந்தது. ‘படைப்பிரிவு’க்கு நடுவில் ப் வருமா என்று அகராதியைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிரதி எடுத்தோம். சனிக்கிழமை கட்டுகள் தாராவிக்கும் கோவண்டிக்கும், மாணவர்கள் சிலர் இருந்த கோபர்கைரனேக்கும் போயின.

அடுத்த சில நாட்களில் சண்டை மூண்டது. செம்பூரில் நாலு மணிக்குச் சைரன் ஒத்திகை வைத்தார்கள். சமையலறையில் நின்றபடி அதைக் கேட்டேன். அது ஓய்ந்ததும் கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வந்தது. என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல். மூன்றாவதாக இருந்தது: படைகளின் நடமாட்டத்தைப் பற்றி எதையும் பகிராதீர்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். யாரோ என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது, புகைப்படத்தில் பார்த்த அந்தப் பையனின் முகம்.

கணவரிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை கோவண்டிக்கும் கோபர்கைரனேக்கும் போன் செய்து, மீதிப் பிரதிகளைக் கிழித்துவிடும்படி சொன்னேன். காரணம் கேட்டதற்குத் தப்பு வந்துவிட்டது என்றேன். பிறகு பஸ் பிடித்து சயானில் இறங்கி, தாராவிக்கு நடந்தேன்.

அந்தப் பெண்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதெ நான் பேப்பருக்குன்னு சொல்லலியே அக்கா.”

“இல்லை. நான்தான் போட்டேன்.”

“எதுக்கு?”

இடம் மிஞ்சியது என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மடியிலிருந்த பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். “வாங்க. யார் யாருக்குக் குடுத்தேன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

சந்து சந்தாக நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் அவர்தான் பேசினார். “எழுத்துப் பெழ வந்துட்டாம். குடுங்க, வேற தருவாவ” என்று சிரித்த முகத்தோடு சொல்வார். அடுத்த சந்தில் திரும்பியதும் அந்தச் சிரிப்பு போய்விடும். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வீட்டில் அலமாரித் தட்டில் விரித்து மேலே டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி உருவிக்கொண்டோம். ஒரு டீக்கடையில் சுவரில் பசைபோட்டு ஒட்டியிருந்தது, தமிழ்ப் பக்கம் வெளியே தெரிய. அவர் முந்தானையை நனைத்து அழுத்தித் துடைத்தார், நான் நகத்தால் சுரண்டினேன். கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படி என்ன பெழ?” என்று கேட்டார்.

“பேரு தப்பாப் போட்டுட்டாவ” என்றார் அவர்.

பெரும்பாலும் கிடைத்துவிட்டன. எல்லாம் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டின்போது கணவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே மோரை ஊற்றினார். மோர் தட்டைத் தாண்டி வழிந்தது.

“இது உன் தமிழாச்சே” என்றார்.

மாட்டுங்காவில் எங்கள் உறவினர் ஒருவர் குடும்பக் குழுவில் ஒரு படத்தை அனுப்பியிருந்தார். எங்கள் பின்பக்கம். கடைசி இரண்டு வரிக்குச் சிவப்பில் கோடு. கீழே, ‘நம்ம பாஷையிலயே இப்படி ஒரு துரோகம். எல்லாருக்கும் அனுப்புங்கோ’ என்று எழுதியிருந்தது. நான் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. முப்பது வருஷமாக என் கடிதங்களைப் படித்து என் நடையை அறிந்தவர் என் கணவர் ஒருவர்தான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ.”

“பயமா இருந்தது.”

“இப்போ எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சாதம் அப்படியே கிடந்தது.

அன்று மாலையே மாஹிமில் கூட்டமைப்பு கூடியது. தமிழ்ப் பக்கத்துக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று உடனே அறிக்கை விட வேண்டும் என்றார்கள் மாணவர்கள். மாதாகோயில் குழுக்காரர் நாங்கள் கூடிவந்த கோயில் அறையை இனித் தர முடியாது என்றார், என்னைப் பார்க்காமலே. கோவண்டி அமைப்பில் வக்கீலாக இருந்த பெண் மட்டும், “இதை அச்சிட விட்டது நாம் எல்லோரும்தானே, யாராவது ஒரு தடவையாவது படிக்கச் சொல்லிக் கேட்டோமா?” என்றாள். தாராவிக் குழுவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அறிக்கை போடுங்கள், தப்பு என்னுடையது என்று எழுதுங்கள் என்றேன். தைரியத்தில் சொன்னதில்லை. அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

மறுநாள், அறிக்கையில் என் பெயரைப் பார்த்து, போலீஸ் சௌக்கியிலிருந்து அழைப்பு வந்தது. பதினொரு மணிக்கு ஆதார் அட்டையோடு வரச் சொன்னார்கள். கணவரும் வக்கீல் பெண்ணும் கூட வந்தார்கள். உள்ளே பெஞ்சில் அந்தப் பெண்மணி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பையனின் தாய் தாராவிக்காரி என்று கட்டுரையிலேயே இருந்ததால், விசாரித்து அழைத்துவந்திருக்கிறார்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மகனின் புகைப்படமும் அவன் அனுப்பிய பதக்கம் ஒன்றும் இருந்தன என்று பிறகு தெரிந்தது.

அதிகாரி மராட்டிக்காரர். குரலை உயர்த்தவில்லை. படத்தைத் தாளில் அச்செடுத்து வைத்திருந்தார். அதை என் பக்கம் நகர்த்தி, எங்களுக்குத் தமிழ் வராது, நீங்களே ஹிந்தியில் படித்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் எழுதியதை நானே மொழிபெயர்க்க வேண்டும். முதல் வரியிலிருந்து தொடங்கினேன். அடி, அடி என்கிற இடம் வந்தபோது அதிகாரி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கடைசிப் பத்தி வந்தது. அந்த இரண்டு வரியைத் தாண்டிப் போய்விடலாம் என்ற எண்ணம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. இந்த அறையில் தடையில்லாமல் தமிழ் படிக்கத் தெரிந்தது எனக்கும் என் கணவருக்கும் மட்டும். ஆனால் சிவப்புக் கோடு அங்கே இருந்தது. நாளைக்கு வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால், நான் மறைத்தது பெஞ்சில் இருந்த தாயின் மகன் தலையில்தான் விடியும்.

படித்தேன். ஊரின் பெயரையும் படித்தேன். படித்துவிட்டு, “இந்த வரி இவர் சொல்லி எழுதியதில்லை. நானாகச் சேர்த்தது” என்றேன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ரயிலில் கேட்டேன்.”

அது பொய். அறுபது வயதில் ஓர் அரசாங்க மேஜைக்கு முன்னால் நான் சொன்ன முதல் பொய். அந்தப் பெண்மணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் திறக்கவில்லை. அதிகாரி அவரிடம் திரும்பி, மகன் இப்போது எங்கே இருக்கிறான் தெரியுமா என்று கேட்டார்.

“எங்க இருக்கான்னு அவன் சொல்லமாட்டான் சாஹிப். நானும் கேக்கமாட்டேன்” என்றார், ஹிந்தியில், நிதானமாக.

அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுதி வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். என் கைப்பேசியை ஒரு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தார்கள். தேவைப்பட்டால் மறுபடி கூப்பிடுவோம் என்றார். வெளியே வந்தபோது கணவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சாலையில் அப்படிப் பிடித்துக்கொண்டு நடப்பது அவர் வழக்கம் இல்லை.

சில நாட்களில் சண்டை நின்றது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இப்போதும் மூன்று தடவை மணி அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறேன். காலிங் பெல் அடித்தால் கணவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். கூட்டமைப்பு அடுத்த இதழ் போடவில்லை. மாணவர்கள் தனியாக ஏதோ நடத்துகிறார்கள் என்று கேள்வி. வக்கீல் பெண் ஒரு தடவை வந்து, தமிழில் படித்துப் பார்க்க இன்னொருவர் கிடைத்தால் மறுபடி எழுதுவீர்களா என்று கேட்டாள். கிடைக்கட்டும், பார்க்கலாம் என்றேன்.

மழை தொடங்கிய பிறகு சயான் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். பட்டறைக்குக் கொடுக்கவேண்டிய மூட்டை காலடியில் இருந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். நகர்ந்து குடைக்குள் இடம் கொடுத்தார்.

“பையன் எப்படி இருக்கான்?” என்றேன்.

“நல்லாருக்கான். அங்க பெரியவுக கூப்ட்டுக் கேட்டாவளாம். அப்புறம் ஒண்ணுமில்ல.” மூட்டையை மழை படாமல் உள்ளே இழுத்துக்கொண்டார். “முன்னால எல்லாம் எங்க இருக்கான், என்ன சாப்ட்டான், குளிருதா, எல்லாம் சொல்லுவான். இப்ப எங்கல இருக்கன்னு கேட்டா, நல்லாருக்கேம்மாங்கான். அம்புட்டுத்தான். அவன் இருக்க எடம் எனக்குத் தெரியாது அக்கா.”

மன்னித்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பரவாயில்லை அக்கா என்று அவரைச் சொல்லவைத்ததாகிவிடும் என்று பேசாமல் நின்றேன். அவர் பஸ் வந்தது. மூட்டையின் ஒரு முனையை நான் தூக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஏறிப்போனார்.