வேப்பம்பட்டுத் தேக்குக்கு இரண்டு அங்குலம்

திருநின்றவூர் ஏரிக்கு மேற்கே எந்த மரமும் பரந்தாமனைக் கேட்காமல் இலை உதிர்ப்பதில்லை. அவர் தும்மினால் வேப்பம்பட்டில் தேக்கு ஓர் அங்குலம் பருக்கும். அவர் முறைத்தால் கரையான் அடுத்த தாலுகாவுக்குக் குடிபோய்விடும். இப்படி இதை எழுதுகிறவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவரையே கேட்டால், "முட்டிக்குத் தேய்க்க ஏதாவது தைலம் இருக்காப்பா?" என்பார்.

வனத்துறையில் முப்பத்திரண்டு வருடம் உழைத்து, ஃபாரஸ்டராகவே ஓய்வுபெற்றவர். ரேஞ்சர் பதவியை அரசாங்கம் கொடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் தாங்களே கொடுத்து "ரேஞ்சர் சார்" என்றார்கள். சொந்த நிலத்தில் மரம் வைத்தவர்களுக்கு யோசனை சொல்வது இப்போது அவர் பிழைப்பு. எதை வெட்டுவது, எதை விடுவது, கிளையை எந்த மாதம் கழிப்பது என்றெல்லாம் சொல்வார். எல்லாரும் தலையாட்டிக் கேட்பார்கள், மோர் கொடுப்பார்கள், அவர் ரயில் ஏறியதும் தங்கள் இஷ்டப்படி செய்வார்கள். சவுக்கை இன்னும் ஒரு வருடம் விடச் சொன்ன இடத்துக்கு மறுமுறை போனால் மனைக்கல் நட்டிருக்கும். சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் அலுத்துப்போயிருந்தது.

சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் கஜபதி, இதை எழுதுகிறவனின் அப்பா. ஒன்றரை ஏக்கரில் எண்பத்தைந்தாம் வருடம் வைத்த தேக்கு, நெருக்கியடித்து நின்றதில் பருக்கவே இல்லை. இரண்டு வருடம் அளந்து பார்த்துவிட்டு, "பாதிய வெட்டிடுங்க. மிச்சம் ஒரே வருஷத்துல ரெண்டு அங்குலம் சுத்தளவு ஏறும்" என்றார் பரந்தாமன்.

கஜபதி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வெட்டினார்.

"தைக்குள்ள ரெண்டு ஏறலன்னா மிச்சத்தையும் சாச்சுட்டு பிளாட்டுக்காரன் கையில குடுத்துடுவேன் சார். அப்பால என்னைக் கொற சொல்லாத."

பரந்தாமன் இருபது மரங்களில் தன் நெஞ்சுயரத்துக்கு வெள்ளைப் பெயிண்டால் வளையம் போட்டு, அளவை நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

தொண்ணூற்று நான்கு தை. ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்துவந்து முதல் மரத்தில் டேப்பைச் சுற்றினார். இரண்டேகால் ஏறியிருந்தது. அடுத்ததில் இரண்டரை. வெகுநாளாக அவர் முகத்தில் இல்லாத சிரிப்பு ஒன்று எட்டிப்பார்த்தது. மூன்றாவது மரத்தில் அது நின்றுவிட்டது. போன வருடம் வளையம் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு நேராக இருந்தது. இப்போது நாலாவது பொத்தானுக்கு நேராக இருந்தது. அறுபது வயதில் தான் வளர்ந்திருக்க வழியில்லை. ஒரு சாண் மேலே பட்டையை விரலால் தேய்த்தார். பூசியிருந்த சேறு உதிர்ந்து, அவருடைய பழைய பெயிண்ட் தெரிந்தது. அடிமரம் எப்போதும் பருமன். வளையத்தை இறக்கினால் அளவு தானாக ஏறும்.

"இன்னா சார், எவ்ளோ?" கஜபதி பின்னால் வந்து நின்றார். வரப்போரம் பிளாட் புரோக்கர் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தான்.

இரண்டரை என்று சொன்னால் தோப்பு பிழைத்துவிடும். அளவை மாற்றி எழுதச் சொன்ன பெரியவர்கள் சர்வீஸில் நிறையப் பேர். அவர்கள் சொன்னபடி எழுதாததால்தான் ரேஞ்சர் ஆகவில்லை. பரந்தாமன் சேற்றைத் துடைத்து, இருபது மரத்தையும் பழைய வளையத்தில் அளந்தார்.

"ஒன்னரைதான் கஜபதி. நான் சொன்னது பலிக்கல."

கஜபதி மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"முன்னாடி வருசம் பூரா அரைதான ஏறிச்சு? நீதான சார் அளந்த?"

"ஆமா."

"அரை போய் ஒன்னரை ஆயிகீது. இத்த சொல்றதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு நிக்கற?" வரப்புப் பக்கம் திரும்பினார். "நைனா, நீ வண்டிய எடு! அடுத்த தைக்குப் பாப்போம்."

மோர் கொண்டுவர அவர் வீட்டுக்கு நடந்தார். பரந்தாமன் நோட்டைப் பார்த்தபடியே, "டேய், வெளிய வா" என்றார்.

மரத்துக்குப் பின்னாலிருந்து இதை எழுதுகிறவன் வந்தான். ஒன்பதாவதில் இரண்டு முறை கோட்டடித்து அதே வகுப்பில் உட்கார்ந்தும் இன்னும் வளர்த்தி போதாதவன்.

"நான் இன்னா சார் பண்ணேன்?"

"ஒன்னும் பண்ணல. இப்படி மரத்தோட ஒட்டி நில்லு."

நின்றான். புது வளையம் அவனுடைய இரண்டாவது பொத்தானுக்கு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"உன் உயரத்தையும் நோட்டுல எழுதிக்கட்டுமா?" என்றார் பரந்தாமன்.