பெரியவர் வைத்த சேனை

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு முதன்முதலாக நாக்கில் வைக்கிறவரின் குணம் அப்படியே குழந்தைக்கு வந்துவிடும் என்று நம்பிக்கை. யாரைக் கூப்பிடுவது என்று சில வீடுகளில் சண்டையே நடக்கும். என் தலைப்பிள்ளைக்கு அந்தச் சிரமம் இல்லை. அவன் வயிற்றில் இருக்கும்போதே ஆளை முடிவு செய்துவிட்டார்கள். என் மாமனாரின் அண்ணன்.

அவருக்கு என்ன குணம் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வயல் இருந்தது, மூன்று கிணறு இருந்தது, கோயம்புத்தூர் போய்வர ஒரு கார் இருந்தது. வெற்றிலை எச்சிலை யார் வாசலில் துப்புகிறோம் என்று பார்க்காத பெருமை இருந்தது. எழுபதுகளில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, ஒருவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல இவ்வளவு போதும். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள், என் கணவர் எல்லாருக்கும் முன்னால்.

பையன் விடிகாலையில் வீட்டில்தான் பிறந்தான். சேனை வைக்காமல் பால் கொடுக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். பெரியவர் மதியச் சாப்பாடு முடித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து வருவதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை குழந்தை அழுதது, நானும் அழுதேன். எங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வந்தவரின் கீழுதட்டு ஓரத்தில் கொப்புளங்கள் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. அதன்மேல் வெண்ணெய் தடவியிருந்தார். “சூட்டுக் கொப்பளம், வருசத்துக்கு ரெண்டு தடவ வந்துட்டுப் போகும்” என்று அவரே சொன்னார், அதுவும் ஒரு சொத்து என்பதுபோல. வெள்ளிக் கிண்ணத்தில் விரலை விட்டுத் தன் வாயில் வைத்து இனிப்புப் பார்த்தார். உதட்டைத் தடவிக்கொண்டார். அதே விரலை மறுபடி கிண்ணத்தில் தொட்டு என் பிள்ளையின் வாய்க்குள் விட்டார். கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். கை கழுவுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முன்னால் மருமகள்கள் பேசுவது வழக்கமில்லை. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

எட்டாம் நாள் குழந்தையின் உதட்டோரத்தில் சின்னதாக இரண்டு கொப்புளம் வந்தது. வீடு பயப்பட வேண்டிய நேரம் அது. கொண்டாடியது. மாமியார் ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் காட்டினார். “பாருங்க, பெரியவரு வெச்ச எடத்துலயே வந்திருக்குது. அவரு அச்சு.” வந்த பெண்களெல்லாம் வாயைப் பார்த்து, கன்னத்தைக் கிள்ளி, சிரித்துவிட்டுப் போனார்கள். செய்தி கேட்டுப் பெரியவரும் சிரித்தாராம். ஒரு ஊரே சேர்ந்து இவ்வளவு மடத்தனமாக இருக்க முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தினான். எழுப்பினாலும் எழவில்லை. மறுநாள் ஒரு கை மட்டும் தனியாக வெட்டி வெட்டி இழுத்தது, வாய் ஏதோ சப்புவதுபோல அசைந்தது. தோசம் என்று கயிறு கட்டினார்கள். அதில் ஒரு பகல் போனது. இழுப்பு நிற்காமல் வந்த பிறகுதான் பெரியவரின் காரில் கோயம்புத்தூருக்குக் கிளம்பினோம். அவரும் முன்சீட்டில் வந்தார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். டாக்டரம்மா வயதானவர். குழந்தையின் உதட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “பிரசவம் ஆனப்ப வீட்டுல யாருக்காச்சும் உதட்டுல கொப்புளம் இருந்துதா?”

பெரியவர் பக்கத்தில்தான் நின்றார். உதட்டில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். என் கணவர், “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வளர்ந்தவர்களுக்கு அந்தக் கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றும், பிறந்த குழந்தைக்கு அதே கிருமி மூளைக்கு ஏறிவிடும் என்றும் டாக்டரம்மா சொன்னார். அதைக் கொல்ல அப்போது அவர் கையில் மருந்து இல்லை. இழுப்பை நிறுத்த மட்டும் ஊசி போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன ஐந்தாம் நாள் என் பிள்ளை செத்துப்போனான்.

வீட்டில் விசாரணை நடந்தது. சேனை வைத்தவர் தங்கமான மனுசன், அதில் குற்றமில்லை, தாய்ப்பால்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். என் கணவர் அதற்கும் தலையாட்டினார். அந்தத் தலையை அதற்குப் பிறகு நான் மரியாதையோடு பார்த்ததில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பெண் பிறந்தாள். அதுவும் விடிகாலையில்தான். பெரியவருக்குச் சொல்லிவிட மாமியார் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஆள் அனுப்ப வேண்டாமுங்க அத்தை. சேனை வெச்சாச்சு.”

“ஆரு வெச்சா?”

“நாந்தானுங்க.”

அவர் குனிந்து குழந்தையின் வாயைப் பார்த்தார். பிறகு, “உன்ற கொணமா வரோணும் இவளுக்கு?” என்றார். என் கணவர் கதவருகே நின்று, என்ன காரியம் செய்தாய் என்று முணுமுணுத்தார். பெரியவர் இதைக் கேள்விப்பட்டு, சாகும்வரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அந்த வீட்டுக்கு அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது.

உண்மையில் நான் சேனை எதுவும் வைக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழந்தையை எடுத்துப் பால் கொடுத்தேன், அவ்வளவுதான். பேசினால் வீடு இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். வேண்டாமுங்க என்று ஒரு வார்த்தை சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். என் பையனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது.